கப்பல் சமையற்காரனின் முழுப்பெயர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. முழுதாக எழுதினால் மூலக்குளத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். சுருக்கி எழுதலாம். ஆனால் அவர் பெயரைச் சுருக்க எனக்குக் கை வராது. சுருக்கினால் அவருக்கு என்ன ஆகும் என்பது எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை எல்லோருக்கும் தெரியும்.

தெருவில் அவரைச் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பிய தமிழர்களுக்கு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் அதுதான் பேர். அவர் காதில் விழுந்தால் நின்று திரும்பிப் பார்ப்பார். "அது நான் பாத்த வேலை. என் பேரு தெரியலன்னா கேளுங்க, சொல்றேன்." கேட்டால் சொல்வார். தன் பெயர், அப்பா பெயர், ஞானஸ்நானப் பெயர், குடும்பப் பெயர் என்று நான்கு துண்டும் வரிசை மாறாமல் வரும். சிலிண்டர்காரர் அதற்குள் சைக்கிளில் ஏறியிருப்பார்.

அம்மா அந்த வீட்டில் சமையலுக்குச் சேர்ந்த அன்று நானும் கூடப் போனேன். அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். அந்தக் கர்வம் அப்போதே எனக்கு உண்டு.

"உங்க பேரு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"பச்சன்னு கூப்புடுவாங்க முசே." பிரெஞ்சுக்காரர்களின் 'ஐயா'வை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"பச்ச கலரு. பேர சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முழுப்பெயரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கார்டில் படித்திருந்ததால் நான் சொன்னேன். "பச்சையம்மாள்."

"மதாம் பச்சையம்மாள்," என்று, பிரெஞ்சுக்காரப் பெண்களை அழைக்கும் மரியாதையோடு, ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

அதுவரை யாரும் என்னை 'நீங்க' என்றதில்லை. "மங்கா," என்றேன்.

"பள்ளிக்கூடத்துல?"

"மங்கையர்க்கரசி."

"இவ்ளோ பெரிய பேரு வெச்சிருக்காங்க. அத ஏன் கிழிச்சி பாதியா குடுக்கறீங்க?"

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா வாய்க்குள்ளேயே 'மதாம்', 'மதாம்' என்று சொல்லிப் பார்த்தாள். "கிறுக்கு முசே," என்று சிரித்தாள். "என் கல்யாணப் பத்திரிகைல கூட அந்தப் பேர முழுசா போடலடி." சிரித்தாளே தவிர, அன்றைக்குத் தண்ணீர்க் குழாயடியில் யாரோ "ஏய் பச்ச" என்று கூப்பிட்டபோது அவள் உடனே திரும்பவில்லை.

அவருக்கு எல்லாமே இப்படித்தான். கேட்டுக்கு வெளியே படுத்துக் கிடந்த செம்மி நாய்க்குக்கூட 'அந்துவான் மரி' என்று இரண்டு பெயர். எலும்பு போடும்போது இரண்டையும் சொல்வார். மீன் விற்கிற அம்மாவிடம் பெயர் கேட்டு, புருஷன் பெயரும் கேட்டதில், அவள் கூடையை இறக்காமலே போனாள். "மீன் வாங்குறியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று அவள் தெருமுனையிலிருந்து கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது. அவர் அம்மாவிடம், "அவங்க பேரு அஞ்சலாட்சி. நாளைக்கு வந்தா பேர சொல்லி கூப்புடுங்க, நிப்பாங்க," என்றார். அம்மா கூப்பிட்டாள். மீன்கார அம்மா நிற்கத்தான் செய்தாள்.

இதுவரை சொன்னது சிரிக்கக்கூடிய பகுதி.

அவருக்கு ஒரு மகன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். தாய் இல்லாத பிள்ளை. அவனையும் அவர் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். சோறு தின்னக் கூப்பிட்டாலும், காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாலும் அதே நான்கு துண்டு. கண்ணு, ராசா, செல்லம் எதுவும் கிடையாது. அப்படி அழைக்கப்படுகிறபோதெல்லாம் அந்தப் பையன் தப்புச் செய்தவன் மாதிரி நிமிர்ந்து நிற்பான். அம்மா மட்டும் அடுப்படியில் குரலைத் தாழ்த்தி, "ராசா, இந்தா அப்பளம்," என்பாள். கூடத்தில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுத்த வார்த்தை முழுப்பெயராகிவிடும். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். எனக்கு அவன் தம்பி. அதற்கும் அவர் ஒருமுறை, "தம்பின்றது உறவு, பேரில்ல," என்றார்.

ஒரு கோடை விடுமுறையில் அம்மா அவருடைய ராணுவப் பெட்டியைத் திறந்து துணிகளை வெயிலில் போட்டாள். அடியில் அட்டை போட்ட ஒரு படக்கதைப் புத்தகம் கிடந்தது. பையன் அன்று காலையிலிருந்து எதற்கோ அழுதுகொண்டிருந்தான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பொம்மைப் புத்தகம், பிள்ளைக்காக வைத்திருக்கிறார் என்று நினைத்து அவன் கையில் கொடுத்தாள்.

அது பிரெஞ்சுப் புத்தகம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அவன் படித்துப் படித்துத் தமிழில் எனக்குச் சொன்னான். மஞ்சள் தாடி வைத்த ஒரு கேப்டன், அவருடைய கப்பல், கப்பலில் ஒரு சமையற்காரன். சமையற்காரன் நம் ஊர்க்காரன். கரிக்கட்டை மாதிரி கறுப்பு, காதில் வளையம், வெறும் கால், முகத்தில் பாதி உதடு. எல்லோரும் அவனைப் 'புவாவ்ர்' என்று கூப்பிடுகிறார்கள். புவாவ்ர் என்றால் மிளகு. கேப்டன் ஒவ்வொரு ஆபத்திலும் மாட்டிக்கொள்ள, புவாவ்ர் கரண்டியோடும் கயிற்றோடும் வந்து காப்பாற்றுகிறான். பையனுக்கு அவனை விட முடியவில்லை. "மங்கையர்க்கரசி அக்கா, இந்தப் புத்தகத்துல நம்பள மாதிரி இருக்கறது அவன் ஒருத்தந்தான். நாந்தான் புவாவ்ர்," என்றான். நான் கேப்டன் ஆனேன்.

மொட்டைமாடிதான் கப்பல். தலையில் அன்னக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு காலை வைத்து நான் கத்தினேன்: "புவாவ்ர்!"

கீழே முற்றத்தில் நாற்காலி நகர்ந்தது. எட்டிப் பார்த்தேன். செய்தித்தாள் தரையில் விழுந்து கிடக்க, அவர் விறைப்பாக எழுந்து நின்றிருந்தார். கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. முகம் நேர்ப் பார்வையில் எதையும் பார்க்காமல் இருந்தது.

"ப்ரெஸான்!" என்றார்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் 'உள்ளேன் அம்மா' என்போமே, அதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. அப்போது எனக்குத் தெரியாது. அவர் நின்ற நிலை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. பிறகு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு படியேறி வந்தார். என்னைத் தொடவில்லை. "அந்தப் பேரு யாருக்கு? சொல்லு, யாருக்கு?" என்று கேட்டுக் கேட்டு அவனை அடித்தார். அவன் "எனக்கு, எனக்கு" என்று அழுதான். அடி நிற்பதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றதும் திரும்பாமலே கேட்டாள். "பொம்மப் பொஸ்தவத்துக்கா முசே புள்ளைய இப்படி உரிப்பீங்க?"

அவர் முதல்முறையாக அடுப்படிக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நான் மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பட்டாளத்துக்குப் போன முதல் நாளைச் சொன்னார். கூடச் சேர்ந்த ஒருவன் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, 'ஏ, கப்பல் சமையற்காரன் வந்துட்டான்' என்று சிரித்திருக்கிறான். அங்கே எல்லோரும் சின்ன வயதில் படித்த கதை. இருட்டுவதற்குள் அந்தக் கூடாரம் முழுக்க அதே பெயர். அடுத்த நாள் சார்ஜென்ட்டும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"காலைல வரிசையில நிப்போம். எல்லாருக்கும் குடும்பப் பேரு சொல்லி கூப்புடுவாங்க. என் முறை வந்தா புவாவ்ர். எல்லாருக்கும் பேரு, எனக்கு மட்டும் மளிகைச் சாமான். சர்வீஸ் முடியிற வரைக்கும்."

"எனக்கு ஒரு பேரு இருக்குதுன்னு சொல்லியிருக்கலாமே முசே?"

"தெனமும் நெனச்சிக்கிட்டுதான் எழுந்திருப்பேன், மதாம் பச்சையம்மாள். இன்னிக்கு சொல்லிடணும்னு. வரிசையில நின்னு வாயத் தொறந்தா ப்ரெஸான்னுதான் வரும்."

பிறகு புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரித்து என்னிடம் நீட்டினார். துறைமுகத்தில் ஒரு நீதிமன்றம். நீதிபதி சமையற்காரனிடம் பெயர் கேட்கிறார். தீப்பெட்டி அளவுக் கட்டம். அதற்குள் பொடி எழுத்தில் அவன் பதில். நான் எழுத்துக் கூட்டினேன். சவரிராயன் மரியதாஸ்.

"அவ்ளோ பெரிய பொஸ்தகத்துல அவனுக்குப் பேரு வர்றது இந்த ஒரே எடம். நான் காசு குடுத்து வாங்கி இத அவங்ககிட்ட காட்டுனேன். பாருங்கடா, இவனுக்கும் பேரு இருக்குது, அப்பன் ஆத்தா வெச்சதுன்னு. அவங்க அடுத்த கட்டத்தக் காட்டுனாங்க."

அடுத்த கட்டத்தில் கேப்டன் நீதிமன்ற வாசலில் நின்று "புவாவ்ர்" என்று கூப்பிடுகிறார். சமையற்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி ஓடுகிறான்.

"பாத்தியா, அவனுக்கே அதுதான் புடிச்சிருக்குதுன்னாங்க. சிரிக்கிற மாதிரி வரஞ்சிருக்கான்யா. அவனா சிரிச்சான்?"

அம்மா அவர் முன்னால் ஒரு டம்ளர் டீ வைத்தாள். அவர் அதைக் குடிக்காமல் எழுந்துபோய்ப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பையனிடம் இது எதையும் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். பெயரில்லாமல் வாழ்ந்தவன் தன் தகப்பன் என்று மகனுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்திருப்பார். அவன் கற்றுக்கொண்டது வேறு. அப்பாவுக்குப் பிடிக்காத ஒரு பெயர் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டால் அவருக்கு வலிக்கும் என்று கற்றுக்கொண்டான்.

பதினாறு வயதில் அவன் தன் கூட்டாளிகளிடம் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு திரிந்தான். வில்லியனூர் ரோட்டில் பைக்கில் போகிறவர்கள் வீட்டு வாசலில் வண்டியை முறுக்கி "டேய் புவாவ்ரு" என்று கத்துவார்கள். உள்ளே அவர் கை நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். எழுந்துவிடாமல் இருக்கத்தான்.

ஒருநாள் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள்.

"அவந்தாம்பா கப்பலக் காப்பாத்துனான். ஒவ்வொரு தடவையும் அவந்தான். உங்களுக்கு அது இன்னா அசிங்கம்?"

"காப்பாத்துனான் இல்ல? அட்டையில யார் பேரு போட்டிருக்குது?"

அட்டையில் கேப்டன் பெயர்தான் இருந்தது. பையனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால், படிப்பு முடிந்ததும் பிரான்சுக்குப் போனான். அங்கே ஒரு ஓட்டலில் சமையல் வேலை. முதல் மாதம் போன் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே பதில் கொடுத்திருக்கிறான். இவர் போனை வைத்துவிட்டார். அதன்பின் பண்டிகைக்குப் பண்டிகை அம்மாதான் பேசினாள்.

எனக்கு வேலை கிடைத்தபோது அவர் ஒரு பித்தளைப் பெயர்ப் பலகை செய்து கொடுத்தார். தமிழில், முழுதாக. அது இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது. ஆபீசில் மங்கை என்று கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. திமிர் பிடித்தவள் என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

அவருக்கு மறதி வந்தது பெயர்களில்தான். முதலில் கேஸ் சிலிண்டர்காரர் போனார், பிறகு மீன்கார அம்மா. செத்துப்போன நாயின் இரண்டு பெயர்கள் கொஞ்ச நாள் தங்கின. ஒருநாள் காலையில் அம்மாவைப் பார்த்து, "மதாம்..." என்று ஆரம்பித்து நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மா தானாகவே எடுத்துக் கொடுத்தாள். "பச்சையம்மாள், முசே." மறுநாளும் கொடுத்தாள். ஒரு நாள் அவர் கைதட்டி "ஏய்" என்று கூப்பிட்டார். அன்று அம்மா குழாயடியில் உட்கார்ந்து அழுதாள்.

கடைசியில் அவருடைய பெயரும் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "உங்க பேரு சொல்லுங்க," என்றபோது சுவரைப் பார்த்தார். நான் காதருகில் நான்கு துண்டையும் சொன்னேன். வேறு யாரையோ விசாரிக்கிறேன் என்று நினைத்துக் கையை விரித்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அசைய மாட்டார். ஊட்டினால் துப்பினார். கன்னம் ஒட்டிப்போயிற்று.

இரண்டு நாளாக ஒன்றும் இறங்காமல் இருந்த ஒரு மத்தியானம், அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். மாடியிலிருந்து கேட்ட அந்த ஒரு பெயர் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

"பூவாரு," என்றாள்.

அவர் எழுந்து நின்றார். கைகள் தொடையில் ஒட்டின. "ப்ரெஸான்!" அதன்பின் உட்கார்ந்து, தட்டில் இருந்ததையெல்லாம் தின்றார்.

ஆபீசிலிருந்து வந்து இதைக் கேட்டதும் நான் கத்தினேன். "அந்தப் பேர சொல்லியா சோறு போட்ட? அந்த மனுஷன் அதுக்காக என்ன பாடுபட்டாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. தெரிஞ்சிதான் கூப்ட்டேன். துன்றாரு இல்ல?"

"அவருக்குச் சோறு பெரிசில்லம்மா. பேருதான்."

"பேர வெச்சிக்கிட்டு செத்துப்போவட்டும்ன்றியா?"

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டிலிருந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்க அவர் முழுப்பெயரைச் சொல்லிச் சொல்லி ஊட்டப் பார்த்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. இருட்டியதும் அம்மா என்னை எழுப்பி அனுப்பிவிட்டு, அவள் வழியில் கூப்பிட்டுச் சோறு போட்டாள். நான் வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டேன். என் வாயால் அந்தப் பெயர் இனி வராது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பையன் போன மாதம் வந்தான். தாடி வைத்து, தோள் அகன்று, ஆளே மாறியிருந்தான். எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தான். சொல்லக் கூடாது என்று இத்தனை வருஷம் காத்து வைத்ததை அம்மா அவனிடம் சொன்னாள். வரிசை, சார்ஜென்ட், தீப்பெட்டி அளவுக் கட்டம், எல்லாம். அவன் குனிந்தபடி கேட்டான். "எனக்கு ஏம்மா யாரும் சொல்லல?" என்று மட்டும் கேட்டான்.

மூவரும் அவர் வீட்டுக்குப் போனோம். கஞ்சி வேளை. பையன் அவர் முன்னால் நின்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னான். அந்த மொழியைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்றோ, அவர் சட்டென்று எழுந்தார். பையனின் அகன்ற தோளை, வெட்டிவிட்ட முடியைப் பார்த்தார். விறைத்து நின்றார். கல்லூரியில் நான் பிரெஞ்சு எடுத்திருந்ததால் அவர் பேசியது எனக்குப் புரிந்தது.

"சார்ஜென்ட், ஒரு விஷயம் கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன்."

"கேளுங்க," என்றான் பையன்.

"எனக்கு ஒரு பேரு இருக்குது, சார்ஜென்ட். வரிசையில அதச் சொல்லி கூப்புடுங்க."

அவர் ஆயுள் முழுக்க வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார். அந்த ஒரு நொடி அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அம்மாவுக்குப் பாஷை புரியாவிட்டாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பையன் நேராக நின்றான். அவனும் அந்த வீட்டில் வளர்ந்தவன். நான்கு துண்டும் வரிசை மாறாமல், ஒவ்வொன்றாக, உரக்கக் கூப்பிட்டான். அப்பா பெயரும், ஞானஸ்நானப் பெயரும், குடும்பப் பெயரும் அந்தக் கூடத்தில் ஒலித்தன.

அவர் காத்திருந்தார். யாரும் பதில் சொல்லாததால் வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு இடது பக்கம். அங்கே நிற்க வேண்டிய ஆள் இல்லை. கொஞ்சம் வருத்தத்தோடு, அந்த ஆளுக்குப் பரிந்து பேசுகிறவர் மாதிரி, சொன்னார்:

"அப்ஸான், சார்ஜென்ட்."

வரவில்லை என்று அர்த்தம்.

பையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுருங்கினார். அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். கூப்பிட வாயெடுத்தாள், மகன் முன்னால் அவளுக்கு வார்த்தை வரவில்லை. சின்ன வயதில் அந்தப் பெயருக்காக அடி வாங்கியவன், அதையே தன் பெயராக்கிக்கொண்டவன், அவனாலும் முடியவில்லை. காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

நான்தான் கூப்பிட்டேன். மாடியில் அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கேப்டனாக நின்ற அன்றைக்குப் பிறகு முதல்முறையாக, அதே வார்த்தை, அதே குரல்.

அவர் எழுந்து நின்றார்.

"ப்ரெஸான்."

அம்மா கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள்.